அஞ்சு ஆம்பியர்காரர்

அந்த மனிதரைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒயர்மேனாக இருந்தவர் அவர். எஞ்சின் வீட்டையும், அங்கிருந்து புறப்படும் கரண்டு லைன்களையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் தோட்டத்தில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் அஞ்சு ஆம்பியர்காரர்தான். கேலியாக வைத்த பெயர் அது. வைத்தவள் நான்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து பாலிங் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். என் வீட்டுக்காரர் அங்கே சின்ன கிராணி, அதாவது ஆபீஸில் இரண்டாவது குமாஸ்தா. நான் அலோர் ஸ்டாரில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். ஆறாவது வரை படித்தவள் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குகூட இல்லாத காலத்தில் என் வீட்டில் கரண்டு பல்பு எரிந்தது. அந்தத் திமிரும் சேர்ந்துகொண்டது.

ஒயர்மேன் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார். கண் நேராகக் கூரைக்குப் போகும். "பல்பு நாலு, ஒண்ணு. பேனு ஒண்ணு, அரை" என்று உதடு ஆம்பியர் கணக்கை முணுமுணுக்கும். நாம் "வாங்க" என்று சொல்வதற்குள் நம் வீட்டை எடை போட்டு முடித்திருப்பார். அப்புறம் கம்பியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது மாதிரி. உள்ளங்கையால் தொடவே மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ளங்கையில தொட்டா, ஷாக் அடிக்கிறப்ப கை கம்பிய இறுக்கிப் புடிச்சிக்கும் கிராணியம்மா. புறங்கைன்னா தள்ளி விட்ரும்," என்றார்.

கல்யாண வீட்டில்கூட இப்படித்தான். மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார்; மாப்பிள்ளை தலைக்கு மேல் தொங்குகிற வயரைப் பார்ப்பார். அவரைக் கண்டாலே பெண்கள் "வந்துட்டாருடி கணக்குப் போட" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. சிரித்ததும் இல்லை. வெற்றிலை கிடையாது, கள்ளு கிடையாது, சீட்டு கிடையாது. அப்படிப்பட்ட ஆளோடு பழகுவது எவ்வளவு கஷ்டம் என்று பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்காகக் கோயில் கமிட்டி டவுனிலிருந்து நாற்பது கலர் பல்புகளை வாடகைக்குக் கொண்டுவந்தது. கமிட்டித் தலைவர் யாரென்றால் பெரிய கிராணிதான். தோட்டத்து ஆபீஸுக்கே தலைவர், வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி. ஒயர்மேன் பல்புகளை எண்ணினார். சரிபாதியை மறுபடி பெட்டியில் அடுக்கினார்.

"இருவது. அதுக்கு மேல ஒண்ணுகூட கெடையாதுங்க."

"யோவ், சாமி காரியம்யா!" என்றார் பெரிய கிராணி.

"சாமிக்கும் இந்த லைன்ல அஞ்சு ஆம்பியர்தாங்க."

அன்றைக்கு அம்மன் பாதி அலங்காரத்தில்தான் ஊர்வலம் போனாள். பொங்கல் பானை முன்னால் நின்றுகொண்டு நான் எல்லாருக்கும் கேட்கும்படி, "அம்மனுக்கே அளந்து ஊத்துற அஞ்சு ஆம்பியர்காரர்டி இவரு" என்றேன். ஒரே சிரிப்பு. பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய கிராணி மட்டும் சிரிக்கவில்லை.

ஒயர்மேன் ஏன் அப்படி இருந்தார் என்பதை அவரே ஒருமுறை சொன்னார். எங்கள் லைனில் பியூஸ் போய், அதை மாற்ற வந்திருந்தபோது. பியூஸ் என்றால் அந்தக் காலத்துப் பீங்கான் பியூஸ். அதற்குள் தலைமுடி மாதிரி ஒரு மெல்லிய கம்பி. லைனில் அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் அந்தக் கம்பி உருகி அறுந்துவிடும், விளக்கு அணைந்துவிடும்.

"ஒயருக்கு வாய் கெடையாது கிராணியம்மா. எம்புட்டுக் கேட்டாலும் குடுக்கும். முடியலன்னு சொல்லத் தெரியாது அதுக்கு. சூடாகிச் சூடாகி உள்ளுக்குள்ளயே வெந்துரும். அதுக்குத்தான் நடுவுல இந்த பியூசு. இது மொதல்ல செத்துப் போவும். வூடு பொழச்சிக்கும்."

"அப்ப கொஞ்சம் தடியான கம்பியா போட்டா சாகாதுல்ல?"

"சாகாது. வூடுதான் சாகும்," என்றார்.

சண்டை வந்த பிறகு பியூஸ் கம்பி எங்கேயும் கிடைக்கவில்லை. கப்பல் வந்தால்தானே கம்பி வரும்? மிச்சமிருந்ததை ஒரு தீப்பெட்டி மேல் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு விரல் நீளம் கொடுப்பதற்கு ஒன்பது கேள்வி கேட்பார். என்ன மாட்டினீங்க, எப்ப மாட்டினீங்க, அத மொதல்ல கழட்டுங்க. நாங்கள் கொண்டை ஊசி வைக்கச் சொன்னோம், ஆணி வைக்கச் சொன்னோம், சிகரெட் டப்பாவில் இருக்கும் வெள்ளித் தாளைச் சுருட்டி வைக்கச் சொன்னோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் நாங்கள் ஏதோ சோற்றில் விஷம் வைக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

எனக்கும் அவருக்கும் நடந்த சண்டையைச் சொல்லவேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை சுங்கைப்பட்டாணியிலிருந்து ஜப்பான் அதிகாரி ஒருவன் ஆபீஸைப் பார்க்க வருவான். கிராணிமார் கசங்காத சட்டையோடு வரிசையில் நின்று குனிந்து வணக்கம் போடவேண்டும். சட்டை கசங்கியிருந்தால் கன்னத்தில் விழும். கரியெல்லாம் எஞ்சினுக்குப் போய்விட்டதால் கரி இஸ்திரிப் பெட்டிக்கு வழியில்லை. என்னிடம் சீதனமாக வந்த கரண்டு இஸ்திரிப் பெட்டி இருந்தது. கூடத்துப் பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை மாட்டினேன். ஐந்தே நிமிஷம், பியூஸ் போய்விட்டது. ஆஸ்பத்திரியும் இருண்டுவிட்டது.

எங்கள் லைன் போன வழி அப்படி. எஞ்சின் வீட்டிலிருந்து ஒரே லைன். அது முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பியூஸ் பெட்டி. அங்கிருந்து ஆஸ்பத்திரிக் கூரைக்குள்ளேயே கம்பி ஓடி, மறுபக்கம் வெளியே வந்து பெரிய கிராணி வீட்டுக்குப் போகும். அதற்கப்புறம் எங்கள் வீடு. நாங்கள் எரிக்கிற ஒவ்வொரு பல்புக்கும் கரண்டு ஆஸ்பத்திரித் தலைக்கு மேலேதான் வந்தது.

ஒயர்மேன் வந்தார். இஸ்திரிப் பெட்டியைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரி பல்பு ஒண்ணரை. ஊசி கொதிக்க வைக்கிற பெட்டி ரெண்டு. பெரிய கிராணி வூடு ஒண்ணு. உங்க வூடு அரை. அஞ்சு ஆச்சு. இதுக்கே ரெண்டு வேணும். எங்கம்மா எடம் இருக்கு?"

"அப்ப என் புருஷன் அடி வாங்கட்டுமா?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு எஞ்சின் ஓட்டுவேன். அப்ப ஆஸ்பத்திரிப் பெட்டி ஓடாது, பல்பும் எரியாது. மூணு மணிக்குள்ள தேச்சிக்குங்க. ஆனா பல்பு மாட்டுற எடத்துல வேணாம், அது தாங்காது. நான் வேற பிளக்கு வச்சித் தரேன்."

இதைவிட நியாயமாக ஒரு மனிதன் பேச முடியுமா? எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கூலியாள் எனக்கு நேரம் குறித்துக் கொடுப்பதா? "உங்க பிளக்கும் வேணாம், உங்க நேரமும் வேணாம்" என்று கத்தி, இஸ்திரிப் பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டேன். அதற்கப்புறம் அவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பெரிய கிராணியின் கதை வேறு. ஜப்பான்காரனுக்குப் பயந்து துரை ஓடிப்போன மறுவாரமே பங்களாவிலிருந்த கரண்டு அடுப்பு பெரிய கிராணி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டது. இரண்டு வட்டங்கள் உள்ள பெரிய அடுப்பு. கூடவே ஒரு பேன், ஒரு இஸ்திரிப் பெட்டி. அடுப்பு பங்களாவில் தனி லைனில் ஓடியது, தடித்த கம்பி. அந்தக் கம்பியை ராணுவம் உருவிக்கொண்டு போயிருந்தது. செம்பு என்று எது கண்ணில் பட்டாலும் உருவினார்கள். ஆஸ்பத்திரிக் கூரையின் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேலே அத்தாப்பு ஓலை வேய்ந்திருந்தது.

அடுப்பைப் போட்ட முதல் நாளே பியூஸ் போனது. ஒயர்மேன் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெட்டியைத் திறந்து நின்றார். பெரிய கிராணி எதிரே. நானும் என் மாமியாருக்கு மருந்து வாங்க வந்து அங்கே நின்றிருந்தேன்.

"இந்த அடுப்பு ஒண்ணே எட்டரை கேக்கும் ஐயா. லைனு மொத்தமே அஞ்சு. கம்பி மெல்லிசு."

"மெல்லிசுன்னா தடியாக்கு."

"தடிக் கம்பி எங்க இருக்குங்க?"

பெரிய கிராணி யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. ரப்பர் தோட்டத்துக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. வாங்க ஆளில்லாமல் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் மலை மாதிரி குவிந்து கிடந்தது. கரண்டு கம்பி மேல் சுற்றியிருப்பது என்ன? ரப்பர். கரண்டைத் தடுப்பது எது? ரப்பர். அப்படியானால் இன்னும் நாலு சுற்று ரப்பர் சுற்றினால் கம்பி எதையும் தாங்கும்! மறுநாள் நான்கு ஆட்கள் ஏணி வைத்து ஏறி, ஆஸ்பத்திரிக் கூரைக்குள் ஓடிய கம்பி முழுக்க ரப்பர் ஷீட்டைக் கிழித்துச் சுற்றிவிட்டார்கள். கம்பி கட்டைவிரல் கனம் ஆகிவிட்டது. பார்க்க எங்களுக்கே தைரியமாகத்தான் இருந்தது.

ஒயர்மேன் ஏணியில் ஏறி அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஐயா, ரப்பர் கரண்ட வெளிய வராம பாத்துக்கும். அம்புட்டுதான் அதோட வேல. உள்ள எம்புட்டுப் போவுதுன்னு அதுக்கென்ன தெரியும்? தாங்குறது செம்பு. செம்பு அதே மெல்லிசுதானே? இப்ப சூடு வெளிய போற வழியையும் அடச்சிட்டீங்க. காய்ச்சக்காரனுக்கு நாலு கம்பளி போத்துன கணக்கா ஆயிருச்சு."

"டேய், ரப்பர் மரத்தடியில பொறந்தவன்டா நான். எனக்கு நீ ரப்பர் பத்திச் சொல்லித் தரியா?"

"ரப்பர் பத்தி ஒண்ணும் சொல்லலைங்க. செம்பு பத்திச் சொல்றேன்."

அவர் மறுபடியும் அதே மெல்லிய கம்பியைத்தான் பீங்கானுக்குள் வைத்தார். அடுப்பு போட்டதும் அது செத்தது. மறுபடி வைத்தார். ஒரு வாரம் இப்படியே நடந்தது. தீப்பெட்டியில் இருந்த கம்பி தீர்ந்துகொண்டே வந்தது.

ஒருநாள் பெரிய கிராணி அந்த ஜப்பான் அதிகாரியைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அரிசிக்கு ஊரே நாயாய் அலைந்த நேரத்தில் கோழி, மீன், பிரியாணி. சாயங்காலம் அவரே போய்ப் பீங்கானுக்குள் ஒரு ஆணியை வைத்துவிட்டார். அடுப்பு சிவக்கச் சிவக்க எரிந்தது. ஒயர்மேன் எஞ்சின் வீட்டிலிருந்து ஓடிவந்தார். எஞ்சின் இழுக்கிற சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பெட்டியைத் திறந்தார், பீங்கானையே பிடுங்கினார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் என் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். பெரிய கிராணி ஓடிவந்து அறைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. "குடுடா! தூவான் என் வூட்டுல உக்காந்திருக்காரு!" தூவான் என்றது அந்த அதிகாரியை.

"அடிங்க. உள்ள பதிமூணு பேரு படுத்திருக்காங்க. காலு புண்ணு, வீக்கம். எந்திரிச்சு ஓட முடியாத ஆளுங்க. மேல ஓலை. நான் குடுக்க மாட்டேன்."

அதிகாரி வெளியே வந்தான். பெரிய கிராணி மலாயில், "இனி ஒராங் ஜாஹாட், தூவான்!" என்றார். இவன் கெட்டவன் என்றார்! பதிமூன்று நோயாளிகளுக்காகப் படியில் உட்கார்ந்தவன் கெட்டவன். அதிகாரி கத்தி உறையால் அவரை அடித்தான். அவர் விழுந்தார். பையிலிருந்து பீங்கான் படியில் உருண்டது. ஆனாலும் அன்றைக்கு யாருக்கும் அதை எடுத்து மாட்டத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், சயாமில் ஜப்பான்காரன் போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதை வேலைக்கு ஆள் ஏற்றும் லாரி வந்தது. எஞ்சின் பார்க்கிறவர் என்று அதுவரை அவரை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். இந்த முறை எஞ்சினுக்கு ஒரு பையனை வைத்துவிட்டு அவரைச் சேர்த்தார்கள். பெரிய கிராணி சொல்லச் சொல்ல எழுதியவர் என் வீட்டுக்காரர். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தப் பட்டியலும் முத்து முத்தாகத்தான் இருந்தது. "சொந்த விருப்பத்தின் பேரில் போகிறவர்கள்" என்று மேலே ஒரு தலைப்பு வேறு.

லாரியில் ஏறுவதற்கு முன் ஒயர்மேன் என்னைப் பார்த்தார். முகம் வீங்கியிருந்தது.

"கிராணியம்மா, நீங்க படிச்சவங்க. அந்தப் பெட்டியில வேற கம்பி போட உடாதீங்க. ஆஸ்பத்திரிக்காவது."

நான் தலையாட்டினேன். அவர் மனைவி மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஒன்றை மேலே நீட்டிக்கொண்டு நின்றார். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். லாரி போய்விட்டது.

மறுநாள் காலையில் பெரிய கிராணி என் வாசலில் நின்றார். ஆணி சரியாக உட்காரவில்லை, செம்புக் கம்பி வேண்டும் என்றார்.

"உங்க இஸ்திரிப் பெட்டி பரண்லதானே கெடக்கு? அந்தக் கயித்தக் குடும்மா. உள்ள நல்ல செம்பு இருக்கும்."

கொடுத்தேன். கொடுத்தது மட்டுமா? கயிற்றை அறுப்பதற்குக் கத்தியும் எடுத்துக் கொடுத்தேன். முந்தின நாள் தலையாட்டிய அதே தலைதான். பெரிய கிராணி செம்பு இழைகளை முறுக்கித் திரித்து உள்ளே வைத்தார். பியூஸ் அதற்கப்புறம் போகவே இல்லை. பார்த்தீர்களா, இத்தனை நாள் அவன்தான் நம்மைக் கெடுத்தான் என்று ஊரே பேசியது. அடுப்பு எரிந்தது, பேன் சுற்றியது. நானும் கூடத்தில் ஒரு பல்பு கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது நாளிலிருந்து ரப்பர் கருகுகிற வாடை வந்தது. வேறு ஊராக இருந்தால் யாராவது மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து தேடியிருப்பார்கள். எங்களுக்கு அது வாடையே இல்லை. புகைக்கூடத்தில் ஷீட்டுக்குப் புகை போடும்போது தினமும் வருவதுதான். எங்கள் தலைமுடி, பாய், தலையணை எல்லாம் அந்த வாடைதான். ரப்பரிலேயே வளர்ந்த மூக்கு ரப்பர் எரிவதைக் கண்டுபிடிக்கவில்லை. புகைக்கூடம் அந்த வாரம் மூடிக் கிடந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக் கூரை பற்றியது. பெரிய கிராணி வீட்டில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. சுற்றிய ரப்பர் உருகி ஓலை மேல் சொட்டுச் சொட்டாக எரிந்து விழுந்தது. பால்வெட்டுக்காரர்களும் பெண்களும் உள்ளே புகுந்து பதினோரு பேரைத் தூக்கி வந்தார்கள். கம்பி வெளியே போகிற மூலையில் படுத்திருந்த இரண்டு பேரைத் தூக்க முடியவில்லை. ஒருவர் எங்கள் தோட்டத்து வெட்டுக்காரர் ஒருவரின் தம்பி. மற்றவர் யாரென்றே தெரியாது. பாலிங் சாலையோரம் விழுந்து கிடந்தவரை இரக்கப்பட்டுத் தூக்கி வந்து படுக்க வைத்திருந்தார்கள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. அரை மணி நேரம். பெரிய கிராணி சொன்னார்: "ஒயர்மேன்தான் போறப்ப லைன்ல ஏதோ பண்ணி வச்சிட்டுப் போயிட்டான். பத்து வருஷமா ஒண்ணும் ஆகாத லைனு. அவன் போன ஒம்பதாம் நாளு எரியுது. வேற யாரு காரணம்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பத்து வருஷம் எரியாததற்கு யார் காரணம் என்று ஒருவராவது கேட்டார்களா? அந்தக் கேள்வி ஒருத்தர் வாயிலும் வரவில்லை. சாம்பலில் அந்தப் பீங்கான் கிடந்ததை நான் பார்த்தேன். உள்ளே என் இஸ்திரிப் பெட்டியின் செம்பு. முறுக்கு அவிழாமல் அப்படியே இருந்தது. வீடு செத்தது, அது சாகவில்லை. வாயைத் திறக்கப் போனேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழுத்தினார். "நீ வாயத் தொறந்தா அடுத்த லாரியில நான்டி" என்றார். மூடிக்கொண்டேன்.

பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, லாரியும் நின்றுபோன பிறகும் மூடிக்கொண்டே இருந்தேனே, அதற்கு என்ன பெயர்? புதிய துரை பெரிய கிராணியின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் அப்போதும் பல்பு வெளிச்சத்தில் சோறு தின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஒயர்மேனின் மனைவியை லயத்து வீட்டிலிருந்து வெளியேற்றி, மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு ஒண்டுக் குடிசையைக் கொடுத்திருந்தார்கள். தம்பியைப் பறிகொடுத்த வெட்டுக்காரர் அந்த வாசலில் போய்க் காறித் துப்பினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், ஒயர்மேன் முதல் மழைக்காலத்திலேயே வாந்திபேதியில் போய்விட்டார் என்று சேதி சொன்னார். லயத்தில் ஒரு சாவுச் சேதி வந்தால் அன்றைக்கு வேலை நின்றுபோகும். கேதத்துக்கு, அதாவது துக்க வீட்டுக்கு, போகாதவன் தோட்டத்தில் இருக்க முடியாது, அதுதான் வழக்கம். அந்தக் குடிசைக்கு ஒருத்தரும் போகவில்லை. நானும் போகவில்லை. ஒரு வாரம் கழித்து, மத்தியான நேரத்தில் அந்த அம்மாவே என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். அழவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லுங்க. அவரு போறப்ப எதாச்சும் பண்ணிட்டுப் போயிட்டாரா?"

மூன்று வருஷம்! அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணியவருக்கே சந்தேகம் வரும்படி இந்த ஊர் பேசியிருக்கிறது. அவருக்கும் எனக்கும் நடுவில் நூறு கெஜம்கூட இருக்காது. உண்மை முழுக்க என்னிடம் இருந்தது.

"எதுக்கு அக்கா இப்ப?" என்றேன். என்ன கேள்வி அது!

"படைக்கணும். ரெண்டு உசுரக் கொன்ன ஆளுக்குப் படைச்சா அந்தச் சோத்த யாரு தொடுவா? வேணாம்னா உட்டுர்றேன். தெரிஞ்சிக்கிறதுக்குத்தான் கேக்குறேன்."

சொன்னேன். ஆணி, ரப்பர் ஷீட், என் இஸ்திரிக் கயிறு, கத்தி எடுத்துக் கொடுத்தது வரைக்கும் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாவி மனுசன்னு தெனம் திட்டுனேனே," என்றார். "மூணு வருசமா வாயில வச்சித் திட்டிக்கிட்டே பால் வெட்டுனேனே." அப்புறம் எழுந்து என் கையைப் பிடித்தார். "என்கிட்ட சொன்னது பத்தாது. நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க."

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆபீஸ் முன்னால் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கிராணி வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். மறுநாள் நான் போனேன். வாளியும் கத்தியுமாக இருநூறு பேர் நின்றார்கள். பெரிய கிராணி பெயர் கூப்பிட, பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் குறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

நான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டது. அம்மன் திருவிழாவில் கேலி பேசிய அதே குரல்தானே. யார் அடுப்பு, யார் வைத்த செம்பு, யார் கொடுத்த செம்பு, எத்தனை ஆம்பியர், எல்லாம் சொன்னேன். பதிமூன்று பேருக்காக அவர் படியில் உட்கார்ந்து வாங்கிய அடியையும் சொன்னேன்.

பெரிய கிராணி என்னைப் பார்க்கவே இல்லை. "இந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என் வீட்டுக்காரர் நகரவில்லை. பெரிய கிராணி கனைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அது ஒயர்மேன் மனைவியின் பெயர்.

"வேலைக்கு வரல," என்றார் அவர். "இன்னிக்கி என் வூட்டுல கேதம்."

சொல்லிவிட்டுத் திரும்பிக் குடிசையைப் பார்க்க நடந்தார். பெரிய கிராணி சத்தமாக அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அதற்கடுத்ததையும் கூப்பிட்டார். அது தம்பியைத் தீயில் பறிகொடுத்த வெட்டுக்காரரின் பெயர். அவர் பால் வாளியைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நானும் வரல," என்றார். "கேதத்துக்குப் போவணும்."